பழைய காரைக் கொடுத்தால் தர்மமாகுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் என்னைத் தேடி வந்தார். சர்வேசுரன் அவருடைய வியாபாரத்தை ஆசீர்வதித்திருக்கிறார். சமீபத்தில் புதுக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பழைய காரும் சாமானியமானதல்ல. ஜெர்மனி தேசத்தில் பேர் பெற்ற கம்பெனி ஒன்று செய்த ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்னும் ரகம். தோல் இருக்கை, தரையோடு தாழ்ந்த உடம்பு, கண்மூடித் திறப்பதற்குள் பிடிக்கிற வேகம். அவர் அதை 8 வருஷம் ஓட்டியிருக்கிறார். இப்போது அது அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது.

“சாமி, அந்த வண்டியை நம் பங்கின் தர்ம சகாயக் குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறாள். எனக்கும் சம்மதந்தான். ஆனால் மனதில் ஒரு உறுத்தல். நான் அனுபவித்துத் தேய்த்து, இனி வேண்டாமென்று ஒதுக்கினதைக் கொடுத்தால் அது தர்மமா? அல்லது வீட்டை ஒழிக்கிற வேலையா?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரைச் சொல்லாமல் இதைப்பற்றி எழுத அவர் அனுமதி கொடுத்திருப்பதால், உங்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்கிறேன். உங்களில் அநேகரிடம் கார் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழைய சேலை, பழைய கட்டில், பழைய செல்போன் இல்லாத வீடு திருவல்லிக்கேணியில் உண்டா? கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் பேசி முடிப்பதற்குள் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? வெயில் காலத்தில் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோக ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறோமே, இந்த வண்டி இருந்தால் சௌகரியமாயிருக்குமே என்று போயிற்று. கோவிலுக்கும் ஏழைகளுக்கும் என்று சொல்லிக்கொண்டு நாமே வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அது. ஏழையின் பேரைச் சொல்லி வருகிற சாமான் ஏழையின் வாசலுக்குப் போகுமுன் நடுவில் எத்தனை கைகள் அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் என்பதற்கு உங்கள் பங்குச் சுவாமியே சாட்சி.

நல்ல வேளையாக, குழுவில் உள்ள பெரியவர்கள் என்னைவிட விவேகிகள். வண்டியைக் குழுவின் வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் சொன்னதன்பேரில், ஒரு வாரம் பரீட்சை செய்து பார்த்தோம். ஜாம்பஜார் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கிற தாயார் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை நடக்கிறது. ஆட்டோ கூலியைக் குழுதான் கொடுத்துவருகிறது. அவரை அந்தக் காரில் அழைத்துப் போவதென்று ஏற்பாடாயிற்று.

என்ன நடந்தது? வண்டி சந்துக்குள் நுழையவில்லை. அவ்வளவு தாழ்வான வண்டி, வேகத்தடை தோறும் அடி உராய்ந்தது. தெருமுனை வரையில் அந்த அம்மாள் நடந்து வந்தார். தோல் இருக்கை அழுக்காகிவிடுமோ என்று தம் முந்தானையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். சிகிச்சை முடிந்து சோர்ந்து வந்தவருக்கு அந்தப் பள்ளமான இருக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இரண்டுபேர் கைகொடுத்துத் தூக்கவேண்டியிருந்தது. அதுவாவது போகட்டும். மறுநாள் மளிகைக் கடைக்காரர், “இவ்வளவு பெரிய காரில் போகிறாயே, என் பாக்கியைக் கொடுத்தால் என்ன?” என்று நாலுபேர் முன்னிலையில் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் என்னிடம் வந்து, “சாமி, எனக்கு ஆட்டோவே போதும்” என்று அழுதார்.

நம்முடைய தயவு அவருக்குக் கடனையும் அவமானத்தையும் கொண்டுவந்தது. பணக்காரனுடைய சாமான், பணக்காரனுடைய வசதிக்காகச் செய்யப்பட்டது. அதை அப்படியே தூக்கி ஏழையின் கையில் வைத்தால், அதனுடைய சுமையும் சேர்ந்துதான் வரும். அந்தக் காரின் இன்சூரன்ஸ், டயர், ஒரு தடவை பழுது பார்க்கிற கூலி எல்லாவற்றையும் குழுவின் கணக்குப்பிள்ளை எழுதிக் கூட்டிக் காட்டினார். ஒரு வருஷச் செலவில் இன்னும் பல நோயாளிகளுக்கு ஆட்டோ கூலி கொடுக்கலாம் என்று தெரிந்தது. ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பார்கள். வாங்குகிறவன் பார்க்கவேண்டாம், சரிதான். கொடுக்கிறவன் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

இந்த இடத்தில் உங்களுக்குப் பாரியின் ஞாபகம் வரலாம். பறம்பு மலைத் தலைவனான பாரி, கொழுகொம்பில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு வந்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தக் காலத்துத் தேர்தான் இந்தக் காலத்து உயர்ரகக் கார். முல்லைக் கொடிக்கு ஒரு மூங்கில் கழி போதாதா, தேர் எதற்கு என்று குறும்புக்காரப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நம் முன்னோரும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. இப்படி வரையறை பாராமல் கொடுப்பதற்குக் கொடைமடம் என்றே பேர் வைத்தார்கள். மடமை என்று தெரிந்தும் ஏன் புகழ்ந்தார்கள்? பாரி கொடுத்தது பழைய தேரல்ல. அவன் ஏறி வந்த தேர். அதைக் கொடுத்தவன் மலைக்கு நடந்துதான் திரும்பியிருக்க வேண்டும்.

அர்ச். மார்த்தீனாரின் சரித்திரமும் அப்படியே. 4-ம் நூற்றாண்டில், போர்ச்சேவகராயிருந்த காலத்தில், பிரான்சு தேசத்து ஆமியேன் பட்டண வாசலில் குளிரில் நடுங்கின பிச்சைக்காரன் ஒருவனுக்குத் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார். மீதிப் பாதியைப் போர்த்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் குளிரில் நடுங்கினார். வீட்டில் வேறு நல்ல மேலாடை வைத்துக்கொண்டு அவர் கொடுக்கவில்லை.

ஆகையால் எந்தக் கொடையைப்பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது: ஏழையின் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது? இரண்டாவது: கொடுத்தவர் எப்படி வீடு திரும்பினார்?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, நம் தேசத்திலேயே நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி, அர்ச். பாப்பரசர் 6-ம் சின்னப்பர் சர்வதேச நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்து இறங்கினார். பாப்பரசர் ஒருவர் இந்திய மண்ணில் கால்வைத்தது அதுவே முதல் தடவை. வருகிறதற்கு முந்தின மாதந்தான், ஏழைகளுக்காகவென்று சொல்லித் தம் மூவடுக்கு முடியையே பீடத்தின்மேல் வைத்து விட்டுக்கொடுத்திருந்தார். பம்பாயில் அவர் ஏறிச் செல்ல வெள்ளை நிறமான அமெரிக்க லிங்கன் கார் ஒன்று இருந்தது. அமெரிக்க மக்களிடமிருந்து அவருக்குக் காணிக்கையாக வந்தது அது. 5-ந் தேதி பம்பாயை விட்டுப் போகும்போது, கல்கத்தாவில் ஏழைகளுக்கு ஊழியம் செய்துவந்த மதர் தெரசாவுக்கு அந்தக் காரைக் கொடுத்துவிட்டார்.

மதர் தெரசா அந்தக் காரில் ஊர்வலம் போகவில்லை. அதைப் பூட்டி வைத்து, பாப்பரசர் ஏறின வண்டி என்று காட்சிக்கும் விடவில்லை. குலுக்கலுக்கு விட்டார், ஜனங்கள் சீட்டு வாங்கினார்கள். நேரே விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையைவிட மிகுதியாகப் பணம் சேர்ந்தது. அந்தப் பணம் மேற்கு வங்காளத்தில் ஆசன்சோல் அருகே, தொழுநோயாளிகள் குடும்பத்தோடு வாழவும் வேலை செய்யவும் உண்டாக்கப்பட்ட சாந்தி நகருக்குப் போயிற்று. தொழுநோயாளிக்கு லிங்கன் கார் எதற்கு? அவனுக்கு வேண்டியது கூரை, மருந்து, கைத்தொழில், முகத்தைத் திருப்பிக்கொள்ளாத அயலார். பாப்பரசர் கொடுத்தது கார். தொழுநோயாளிகளுக்குக் கிடைத்தது குடியிருப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கன்னிகை பட்ட பாடு இருக்கிறது. அந்தப் பாடு இல்லாவிட்டால் முதல் கொடை ஏழைக்கு உதவியிருக்காது.

இதைக் குழுவில் சொன்னவுடன், வாலிபர் ஒருவர், “அப்படியானால் நாமும் குலுக்கல் வைக்கலாமே, சாமி” என்றார். கூடாது என்றேன். தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்திலிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அந்தத் தடைக்கு முன் தினக்கூலியை லாட்டரிச் சீட்டுக் கடையில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பின தகப்பன்மாரை உங்களில் பெரியவர்கள் பார்த்திருக்கிறீர்கள். குலுக்கல் தன்னிலேயே பாவமென்று திருச்சபை போதிக்கவில்லை. ஆனால் ஏழைக்கு உதவ ஏழையின் பையிலேயே கைவைப்பது நமக்கு வேண்டாம்.

நம் காலத்திலும் இப்படிப்பட்ட முன்மாதிரி உண்டு. 2017-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் லம்போர்கினி கம்பெனியார் வெள்ளைக் கார் ஒன்றைப் பிரான்சிஸ் பாப்பரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அவர் அதை மந்திரித்து, முன்மூடியின்மேல் கையெழுத்துப் போட்டு, ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். 2018-ம் வருஷம் மே மாதம் மொனாக்கோவில் 7 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயிற்று. ஈராக்கில் நினிவே சமவெளியில் யுத்தத்தால் இடிந்துபோன கிறிஸ்தவர்களின் வீடுகளைத் திரும்பக் கட்டவும், விற்கப்பட்டுச் சீரழிந்த பெண்களைக் காப்பாற்றவும், ஆப்பிரிக்காவில் நடக்கும் ஊழியங்களுக்கும் அந்தப் பணம் என்று ஏற்பாடு. இன்னொன்றும் சொல்லுகிறேன். 2014-ல் அவர் பெத்லகேமில் ஏறிச் சென்ற வாகனத்தைக் காசாப் பிள்ளைகளுக்கு நடமாடும் சிகிச்சை நிலையமாக மாற்றும் ஏற்பாடு, 2025-ம் வருஷம் அவர் காலமான சில நாட்களுக்குள் அறிவிக்கப்பட்டது. அந்த வாகனத்தை விற்கவில்லை; ஏழைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஒரு சாமானை விற்பதா, மாற்றுவதா, அப்படியே கொடுப்பதா என்பதை அந்தச் சாமானின் அந்தஸ்தைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது. வாங்குகிறவனுடைய தேவையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

அமெரிக்கா தேசத்தில் பழைய காரைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்து, அதற்காக வருமான வரியில் கழிவு பெறுகிற வழக்கம் வெகுவாகப் பரவியிருக்கிறது. முன்பெல்லாம் கொடுப்பவர் விலைப் புத்தகத்தைப் பார்த்து, ‘என் கார் இவ்வளவு பெறும்’ என்று தாமே மதிப்புப் போட்டுக்கொள்வார். தர்ம ஸ்தாபனத்துக்கோ அதில் சொற்பமே கிடைக்கும். ஆகையால் அவர்கள் சட்டத்தைத் திருத்தி, 2005-ம் வருஷத்திலிருந்து, 500 டாலருக்கு மேற்பட்ட காரை ஸ்தாபனம் விற்றுவிட்டால், விற்று வந்த தொகைக்கு மேல் கழிவு கேட்கக்கூடாது என்பதைப் பொது விதியாக்கினார்கள். சட்டம் செய்தவர்கள் வேதசாஸ்திரம் படித்தவர்களல்ல. ஆனாலும் அந்த விதியில் ஒரு ஞானம் இருக்கிறது. உன் கொடையின் மதிப்பு உன் மனதில் இருக்கிற விலையல்ல. ஏழையின் வாசலில் போய் இறங்கின தொகைதான். நம் தேசத்துச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. தர்மத்துக்கான வரிக்கழிவு பணமாகக் கொடுத்தால் மாத்திரம் கிடைக்கும். பொருளாகக் கொடுத்தால் கிடையாது.

இவ்வளவையும் யோசித்து, அந்த நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: “காரைக் குழுவின் தலையில் கட்டாதீர்கள். நீங்களே விற்றுப் பணமாகக் கொடுங்கள்.” அவர் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. சாவியை நம் பீடத்தின் முன் வைத்து, எல்லோரும் பார்க்க ஒப்படைத்தால் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாயிருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். அந்த ஆசையைக் குற்றம் சொல்ல நான் யார்? நானுந்தான் அந்த முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவன்.

ஆனால் கார் விற்பது லேசான காரியமல்ல. அதை விலைக்குத் தகுந்தபடி விற்க ஆள் தேடவேண்டும். கடன் பாக்கி இல்லையென்று பாங்கிலிருந்து கடிதம் வாங்கவேண்டும். 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேர் மாற்றவேண்டும். பேர் மாறாமல் வண்டியைக் கைமாற்றிவிட்டால், நாளைக்கு அது எங்கேயாவது மோதினால் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தொழில் தெரிந்தவருக்கே இது பல நாள் அலைச்சல். நம் குழுவில் இருப்பவர்களோ பென்ஷன் வாங்கும் பெரியவர்களும், வேலைக்குப் போகும் தாய்மாருமே. கொடுக்கிறவர் தமக்கு அலைச்சல் என்று விடுவதை இவர்கள் தலையில் வைப்பது எந்த விதத்தில் தர்மம்?

இன்னொரு சங்கதியும் வெளிவந்தது. 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தக் கார் கீழ்த்தளத்துத் தண்ணீரில் ஒருநாள் நின்றிருக்கிறது. பழுது பார்த்துச் சரிசெய்தாயிற்று, பார்த்தால் தெரியாது. “இதை வாங்குகிறவனிடம் சொல்லவேண்டுமா, சாமி? சொன்னால் விலை குறையுமே. குறைகிறது ஏழைகளுக்குச் சேரவேண்டிய பணமல்லவா?” என்று அவர் கேட்டார். இது சோதனையின் நுட்பமான வேஷம். ஏழைக்காகவென்று பொய் சொல்ல நமக்கு உத்தரவில்லை. ஒருவனை ஏமாற்றி வந்த பணத்தை இன்னொருவனுக்குக் கொடுத்தால், அதைத் தர்மம் என்று சொல்லமாட்டோம்; திருட்டைப் பங்குபோட்டது என்றுதான் சொல்வோம். சொல்லித்தான் விற்றார். விலை குறைந்துதான் போயிற்று. புதுப்பேட்டைக்காரர் ஒருவர் உதிரிப் பாகங்களுக்காகக் கேட்ட விலைக்கும், வேறொருவர் ஓட்டுவதற்கென்று கேட்ட விலைக்கும் நடுவில் பல நாள் இழுபறியாகி, கடைசியில் ஓட்டுகிறவரே வாங்கிக்கொண்டார். பணம் காசோலையாகக் குழுவுக்கு வந்தது. ஏழு நோயாளிகளுக்கு இரண்டு வருஷ ஆட்டோ கூலிக்கு அது காணும் என்று கணக்குப்பிள்ளை சொல்லுகிறார்.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இரண்டாவது கேள்வி இருக்கிறது: கொடுத்தவர் எப்படி வீடு திரும்பினார்? உண்மையைச் சொன்னால், புதுக் காரில் திரும்பினார். பாரியைப்போல நடக்கவில்லை. மார்த்தீனாரைப்போலக் குளிரவில்லை.

அப்படியானால் அவர் செய்தது வீணா? இல்லை. ஆனால் அதற்குச் சரியான பேர் வைக்கவேண்டும். 4-ம் நூற்றாண்டிலிருந்த அர்ச். பசிலியார், நாம் உடுத்தாமல் பெட்டியில் பூட்டிவைத்திருக்கிற ஆடை, ஆடையில்லாதவனுக்குச் சொந்தமானது என்று போதித்தார். அர்ச். தோமாஸ் அக்குவீனாரும், தன் தேவைக்கு மிஞ்சினதிலிருந்து ஏழைக்குக் கொடுப்பது இஷ்டப்பட்டால் செய்கிற புண்ணியமல்ல, கட்டளை என்று தீர்க்கிறார். 1891-ம் வருஷத்தில் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைப்பற்றி எழுதின நிருபத்திலும் இதே போதகம் உண்டு. இதன்படி, கீழ்த்தளத்தில் உறை போட்டு நின்ற கார், நின்ற அன்றைக்கே பாதி ஏழையினுடையதாகிவிட்டது. அதைக் கொடுத்தவர் கடனைத் தீர்த்தார். கடனைத் தீர்ப்பவன் நல்லவன், யோக்கியன். ஆனால் கடன் தீர்த்ததற்காக மாலை போடச் சொல்வாரில்லை. காணிக்கைப் பெட்டியண்டையில் நின்று பார்த்த நமதாண்டவர் சேசுநாதர், ஐசுவரியவான்கள் போட்டதைத் தள்ளிவிடவில்லை. இரண்டு காசு போட்ட கைம்பெண்தான் அதிகம் போட்டவள் என்று காட்டினார், அவ்வளவே.

இதை நான் அந்த நண்பரிடம் தயங்கித்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்படியானால் நான் இன்னும் தர்மம் செய்ய ஆரம்பிக்கவேயில்லை என்கிறீர்கள்” என்றார். கோபம் போலத்தான் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோவிலில் காணவில்லை. நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாம் வாரம் குழுவின் செயலாளர் ஒரு செய்தி சொன்னார். செவ்வாய்க்கிழமைதோறும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அந்த ஜாம்பஜார்த் தாயாரோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், சிகிச்சை முடிகிற நாலுமணி நேரமும் வெளியில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறாராம். புதுக் காரை வீட்டிலேயே விட்டுவிடுகிறாராம். மளிகைக் கடைப் பாக்கியையும் விசாரித்திருக்கிறார். ஆனால் அந்த அம்மாள், “அதை நானே கொடுத்துக்கொள்ளுகிறேன், தம்பி” என்று சொல்லிவிட்டாராம். அவரும் வற்புறுத்தவில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டு அலமாரியையும் பரண்மேல் இருப்பதையும் ஒருதரம் திறந்து பாருங்கள். கொடுக்கவேண்டியதைக் கொடுங்கள். கிழிந்ததைத் தைத்துக் கொடுங்கள். அழுக்கைத் துவைத்துக் கொடுங்கள். ஓடாததைப் பழுது பார்த்துக் கொடுங்கள். ஏழைக்கு உதவாததை நீங்களே விற்றுப் பணமாகக் கொடுங்கள். பழையதைக் கொடுக்க வெட்கப்படவேண்டாம். அதைப் பெருமையாக எண்ணவும் வேண்டாம். அது முடிந்த பிறகு, உங்களிடம் மிச்சமாக இல்லாத ஏதாவதொன்றை, ஒரு மணி நேரமானாலும் சரி, யாருக்குக் கொடுக்கலாம் என்று குடும்பமாக உட்கார்ந்து யோசியுங்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு அந்தத் தாயாரோடு போக இன்னும் யாரும் வரவில்லை. முடிந்தவர்கள் பூசைக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி